சகனிலிருந்து எடுத்த கை

அத்தியாயம் பதினான்கு

முட்டைமாலைக்கான சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்துக்கு வந்துகொண்டிருந்தபோது வாசல் கேட் சத்தம் கேட்டது. ரைஹானத் கரண்டியைச் சமையல்காரி குல்ஸுவின் கையில் திணித்தாள். தலையை மூடியிருந்த தட்டத் துணியின் நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

உவைஸ்தான். காலில் நடைக்குப் போகும் ஷூ. முகம் சரியில்லை.

குற்றிச்சிறாக் குளத்தை ஒட்டிய அந்தப் பெரிய வீட்டில் நான்கு மாதமாக ஒரு விஷயம் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்கப்பட்டிருப்பது வாசகர்களுக்குத் தெரியும். உவைசுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கிறது. நோய் என்று பேர் வைக்கும் அளவுக்கு இன்னும் ஏறவில்லை. ஏறாமல் தடுக்கத்தான் டாக்டர் பிரசன்னா மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கவும், சோற்றைக் குறைக்கவும், உடம்பை இறக்கவும் சொல்லியிருந்தார். இது அவனுக்கும் அவன் மனைவி ரைஹானத்துக்கும் மட்டுமே தெரியும். உவைஸ் மறுபடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்றுதான், ரைஹானத்தின் தங்கை நஸ்லாவின் புது மாப்பிள்ளை வீட்டாரை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு விருந்துக்கு அழைப்பதென்று உம்மா குஞ்ஞிபி முடிவு செய்தாள்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை; பரிசோதனை முடிவை உவைஸ் கேட்டு வந்ததும் இன்றுதான்.

ரைஹானத் தங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

உவைஸ் கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தான். ஒன்றை அவிழ்த்தவன் மற்றதை மறந்துவிட்டான்.

"ஆறு புள்ளி மூணு."

"முன்னாடி ஆறு புள்ளி ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஏறியிருக்கு, ரைஹா. விடியறதுக்கு முன்னாடி எழுந்து மானாஞ்சிறா மைதானத்தச் சுத்தி நடந்து, அந்த மாத்திரையப் போட்டு வயிறு கலங்கி, கடையில உட்கார முடியாம ஓடி... எல்லாம் பண்ணியும் ஏறியிருக்கு."

"மெஷின் தப்பாக் காட்டியிருக்கும்."

"நானும் அதத்தான் கேட்டேன். டாக்டர் சிரிச்சாங்க. ஆறரையத் தொட்டா அதுக்குப் பேரு சுகர். இப்பவே திரும்பிட்டா இறங்கிடலாம், நிறைய பேர் இறங்கியிருக்காங்கன்னு சொன்னாங்க. மாத்திரையக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க."

"என்ன?"

"ராத்திரி உங்களுக்கு யாரு சோறு போடறாங்கன்னு."

ரைஹானத் குனிந்து, அவன் மறந்துவிட்ட நாடாவை அவிழ்த்தாள்.

"மாத்திரை துணைக்கு வர்ற ஆளாம். மெயின் வேலை நடையும் தட்டும்தானாம். நடை சரியா இருக்குன்னு எடையப் பாத்தாலே தெரியுது, அப்ப தட்டுலதான் ஏதோ நடக்குதுன்னு சொல்லிட்டாங்க. பொம்பள போலீசு மாதிரி."

"பாதிதானே சாப்பிடறீங்க? நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"எதுல பாதி? உங்க உம்மா வைக்கிறதுல பாதின்னா மத்த வீட்ல ரெண்டு ஆளு சாப்பாடு. நெய்ச்சோறு, அதுமேல முந்திரி, அதுமேல ஒரு கரண்டி நெய். மிச்சம் வச்சா மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட வருது."

அது உண்மை. இவன் தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறதோ, மறுநாள் உம்மா அவ்வளவு கூட்டினாள்.

"இன்னிக்கு நான் சாப்பிடப் போறதில்ல" என்றான் உவைஸ்.

ரைஹானத் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க மூத்த புதியாப்ள. நடுச் சகன் தட்டு முன்னாடி உட்காரணும். நீங்க கை வைக்காம அவங்க எப்படி வைப்பாங்க?"

"கை வைக்கிறேன். ரெண்டு வாய் சாப்பிடறேன். அதோட எடுத்துடுவேன்."

"நீங்க எடுத்தா அவங்களும் எடுத்துடுவாங்களே! நஸ்லாவுக்கு இது முதல் விருந்து. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"இந்த வீட்ல எல்லா நாளும் இன்னிக்கு ஒரு நாள்தான்" என்றான் உவைஸ். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

---

உம்மா சமையல்கட்டின் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே முழுக்கோழிகள் வயிறு தைக்கப்பட்டு வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு முட்டை.

"புதியாப்ள வந்துட்டாரா?"

"வந்துட்டார்."

"காலைல என்ன சாப்பிட்டார்?"

"ஓட்ஸ் கஞ்சி."

"மாட்டுக்குக் கரைச்சு வைக்கிறதா?"

குல்ஸு களுக்கென்று சிரித்தாள். உம்மா அவளைப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

மருமகனுக்குத் தலை நரைத்தாலும் அந்த வீட்டில் அவன் புதியாப்ளதான். பதினெட்டு வருஷமாக உவைஸ் இங்கே வருகிறான், உறங்குகிறான், விடிந்ததும் கடைக்குப் போகிறான். குஞ்ஞிபி இன்றுவரை அவன் எதிரில் வந்து நின்று பேசியதில்லை. அவளும் அவள் தாயும் அப்படித்தான் பழகினார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வது போலச் சொல்வாள். மற்றதெல்லாம் சாப்பாடு. அவன் கடையில் நெருப்புப் பிடித்த வாரம் தினமும் ஆட்டுக்கால் சூப் போனது. அவன் தாய் மௌத்தானபோது நாற்பது நாள் மீன் இல்லாத சமையல். தட்டு திரும்பி வரும்போது அதைப் பார்த்து அவள் பதில் தெரிந்துகொள்வாள்.

அந்தத் தட்டு நான்கு மாதமாகப் பாதி நிறைந்து திரும்புகிறது.

"எனக்குத் தெரியும்டி" என்றாள் உம்மா, குரலைத் தாழ்த்தி. "மேல் அறைக்கு ஏசி போட்டோம்ல, நஸ்லாவுக்காக? அதுல இருந்துதான்."

"உம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பேசாம இரு. பதினெட்டு வருஷம் ஃபேன்ல படுத்த மனுஷன். நேத்து வந்தவனுக்கு ஏசி. வாயத் தொறந்து கேட்பாரா? கௌரவமான ஆளு. சோத்துல காட்டறார். நானும் நெய்ய ஊத்தி ஊத்திச் சமாதானம் பண்ணிப் பாக்கறேன், மசிய மாட்டேங்கறார்."

ரைஹானத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இப்போதே சொல்லிவிடலாம். ஒரே வரி. ஆனால் அவளைப் பெற்று, சுகரில் இறந்துபோன உப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. கடைசி வருஷங்களில் உம்மா தினமும் புண் வைத்த அவர் பாதத்தைக் கழுவிக் கட்டினாள். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் 'சுகர்' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்வதில்லை. நஸ்லாவின் கல்யாணம் முடியட்டும் என்று முதலில் தள்ளிப்போட்டாள். விருந்து முடியட்டும் என்று இப்போது.

"அதான் கதீசபிக்கு ஆள் அனுப்பிட்டேன்" என்றாள் உம்மா.

"யாருக்கு?"

"அவர் அக்காவுக்குத்தான். வேற யாரு வந்து சமாதானம் பண்ணுவா? விருந்துக்கு முன்னாடியே வந்து தம்பிகிட்ட பேசச் சொல்லியிருக்கேன். கீழ் அறைக்கும் ஏசி மாட்டிடறேன்னு அவ மூலமாச் சொல்லிடறேன்."

மருமகன் கோபித்துக்கொண்டான் என்று அவன் பிறந்த வீட்டுக்குத் தாமே ஆள் அனுப்புவது என்றால், தப்பு தங்கள் பக்கம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. பாகு கம்பிப் பதத்தைத் தாண்டிவிட்டது என்று குல்ஸு கூப்பிட்டதுகூட ரைஹானத்தின் காதில் விழவில்லை.

---

கதீசபி ஆட்டோவில் வந்து இறங்கியபோது பள்ளிவாசலில் குத்பா உரை நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கடி அந்த ஏசி? அத முதல்ல காட்டு."

"இத்தா, உட்காருங்க. ஒரு சுலைமானி..."

"உங்க வீட்டு டீ எனக்கு வேண்டாம். எங்க வீட்டுப் பையன உங்களுக்குக் குடுத்தோம். தின்னுட்டு நல்லா இருக்கான்னு நெனச்சேன். போன மாசம் வந்தவனப் பாத்தா கழுத்தெலும்பு தெரியுது. என்னடா உவைசே, உன் மாமியார் பட்டினி போடறாளான்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்."

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "பட்டினியா? கதீசா, வந்து சமையல்கட்டப் பாரு. உன் தம்பிக்கு வச்ச சோத்துல ஒரு கல்யாணம் நடத்தலாம்."

"வச்சா போதுமா? மரியாதையோட வைக்கணும்."

"அதுக்குத்தானே உன்னக் கூப்பிட்டேன்!"

ரைஹானத் கதீசபியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

"இத்தா, ஏசியும் இல்ல, மரியாதையும் இல்ல. அவருக்கு ஒண்ணு இருக்கு. நான் சொல்றத யாருகிட்டயும்..."

வாசலில் கார்க் கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தும் சத்தம். "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்று மாடியிலிருந்து நஸ்லாவின் தோழிகள் கூவினார்கள். கதீசபி கையை உதறிக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்குன்னா? வேற பொம்பளையா?"

"ஐயோ, இல்ல இத்தா!"

"அப்ப விருந்து முடியட்டும், பேசிக்கலாம்."

---

முன்கூடத்தில் சுப்ரா என்ற சாப்பாட்டுத் துணியை விரித்து மூன்று சகன்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெரிய தட்டையும் சுற்றி நாலு நாலு பேர். நடுச் சகனில் புது மாப்பிள்ளை தன்ஸீல். மீசை இப்போதுதான் அடர்த்தியாகிக்கொண்டிருக்கும் ஒல்லிப் பையன். அவன் பக்கத்தில் தாய்மாமன் இம்பிச்சிக் கோயா, இரண்டு பேர் உட்காரும் இடத்தை ஒருவராக எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு தோழன். எதிரே உவைஸ்.

வீட்டின் மூத்த மாப்பிள்ளை முதல் வாய் எடுத்தால்தான் விருந்தாளிகள் சகனில் கை வைப்பார்கள். அவன் கையை எடுத்தால் புது மாப்பிள்ளையும் எடுத்துவிட வேண்டும். அவன் எடுத்தால் கூட்டமே எழுந்துவிடும். அதனால் எல்லாரும் வயிறு நிரம்பிப் பின்னால் சாயும்வரை மூத்தவன் மென்றுகொண்டே இருக்க வேண்டும். சித்தியின் கல்யாண விருந்தில் உப்பா அந்த இடத்தில் உட்கார்ந்து, காலில் கட்டோடு, வேர்த்து வழிய மென்றுகொண்டிருந்ததை ரைஹானத் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

இப்போது அவள் கதவிடுக்கில் நின்றாள். அவள் தோளில் கை வைத்தபடி உம்மா. பின்னால் கதீசபி.

உவைஸ் பிஸ்மில்லாச் சொல்லி ஒரு வாய் எடுத்தான். மற்ற பதினொரு கைகளும் சகன்களில் இறங்கின.

"எடுத்துட்டார்" என்று உம்மா மூச்சு விட்டாள்.

இரண்டாவது வாய் சின்னது. மூன்றாவது அதைவிடச் சின்னது. பிறகு அவன் வெங்காயத்தையும் வெள்ளரியையும் தேடித் தேடி எடுக்க ஆரம்பித்தான். நெய்ச்சோற்றைத் தன் பக்கத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினான். மறுபடி தன் பக்கம் இழுத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் சாப்பிடுவது போலத்தான் இருந்தது.

இம்பிச்சிக் கோயா தூரத்தில் இல்லை.

"என்ன மூத்தவரே, சோத்துல கல்லு பொறுக்கறீங்களா?"

சிரிப்பு. உவைசும் சிரித்தான். பரிமாறுகிறவர்கள் முழுக்கோழியைக் கொண்டுவந்து பிளந்து, நல்ல துண்டாக எடுத்து அவன் முன்னால் வைத்தார்கள். அவன் அதை அப்படியே எடுத்துத் தன்ஸீலின் பக்கம் வைத்தான்.

"இன்னிக்கு இவருக்குத்தான் முதல் மரியாதை."

நல்ல சாமர்த்தியம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். உம்மா மட்டும் தலையாட்டவில்லை.

"குல்ஸு, நடுச் சகனுக்கு இன்னொரு தட்டு நெய்ச்சோறு குடுத்தனுப்பு. மூத்த புதியாப்ள பக்கமா வைக்கச் சொல்லு."

"உம்மா, வேண்டாம்" என்றாள் ரைஹானத்.

"நீ தள்ளு."

ஆவி பறக்கிற நெய்ச்சோறு வந்து உவைஸின் பக்கத்தில் குவிந்தது. அதற்கு மேல் ஒரு கரண்டி நெய் விழுந்து சோற்றுக்குள் இறங்கியது. உவைஸ் அதைப் பார்த்தான். பிறகு எதிரில் இருந்த பையனைப் பார்த்தான். தன்ஸீல் அவன் கையையே கவனித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு வேகத்தில் சாப்பிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாத புது மாப்பிள்ளையின் பயம்.

உவைஸ் கையை எடுத்தான்.

எடுத்து விரல்களை ஒன்றோடொன்று துடைத்து மடிமேல் வைத்துக்கொண்டான்.

தன்ஸீலின் கை பாதி வழியில் நின்றது. அதிலிருந்த சோற்றை அவன் மெல்லச் சகனில் வைத்தான். தோழன் நிறுத்தினான். பக்கத்துச் சகன்களில் ஒருவன் பார்த்தான், இன்னொருவனை இடித்தான். பேச்சு நின்றது. இனிப்பு முட்டைமாலையும் இறைச்சி அடுக்கிய சட்டிப் பத்திரியும் இன்னும் உள்ளேயிருந்து வரவே இல்லை.

இம்பிச்சிக் கோயா மட்டும் மென்றுகொண்டிருந்தார். விழுங்கிவிட்டுக் கேட்டார். குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"கறியில குறையா, மூத்தவரே? இல்ல, எங்க ஆளுங்ககூட உட்கார்றதுல குறையா?"

ரைஹானத் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். 'வயிறு சரியில்லைன்னு சொல்லுங்க. அவ்வளவு போதும். வயிறுன்னு சொல்லிடுங்க.'

"ரெண்டும் இல்ல" என்றான் உவைஸ். "எனக்கு சுகர் வரப்போகுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வராம இருக்க மாத்திரை சாப்பிடறேன். இன்னிக்குக் காலைல பாத்தா ஏறியிருக்கு. இதுக்கு மேல சாப்பிட்டா எனக்கு நானே கெடுதல் பண்ணிக்கிற மாதிரி. மன்னிச்சுக்குங்க."

ரைஹானத்தின் தோளிலிருந்த உம்மாவின் கை விலகியது.

"வரப்போகுதா?" என்றார் இம்பிச்சிக் கோயா. "அப்ப இன்னும் வரல?"

"வரல."

"வராத விருந்தாளிக்கா இலையப் போட்டுட்டு நாங்க எழுந்திரிக்கணும்?"

கூடம் வெடித்துச் சிரித்தது. இறுக்கம் தளர்ந்தது. இம்பிச்சிக் கோயா ஜிப்பாவைத் தூக்கி வயிற்றைத் தட்டிக் காட்டினார். "எனக்கு வந்து பல வருஷமாச்சு. இங்க ஊசி குத்திட்டுத்தான் வந்திருக்கேன். நான் சாப்பிடல? உட்காருங்க, கை வைங்க. வந்தப்புறம் பாத்துக்கலாம்."

இப்போது அவன் கை வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஒரு வாய். சிரித்துக்கொண்டே ஒரு வாய். வைக்கட்டும் என்று ரைஹானத்தின் மனதில் ஒரு பாதி கெஞ்சியது. அப்படிக் கெஞ்சியதற்காக மறு பாதி வெட்கப்பட்டது.

"உங்களுக்கு வந்துடுச்சு மாமா" என்றான் உவைஸ். "எனக்கு இன்னும் வழி இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

அவன் தன்ஸீலின் பக்கம் திரும்பினான். "நீங்க சாப்பிடுங்க. என் கையப் பாக்காதீங்க. இனிமே எந்த விருந்துலயும் பாக்காதீங்க."

தன்ஸீல் தன் மாமனின் கையைப் பார்த்தான். இம்பிச்சிக் கோயா ஜிப்பாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கையை எடுத்தார்.

"கை கழுவத் தண்ணி கொண்டாங்க" என்றார்.

---

கார்கள் போன பிறகு வீட்டில் சமையல் வாசம் மட்டும் நின்றது. மாடியில் நஸ்லா அழுவது கீழே கேட்டது. சட்டிப் பத்திரி தொடப்படாமல் மூடி வைத்தபடியே இருந்தது.

உம்மா சமையல்கட்டில் அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மாத்திரை?"

"மெட்ஃபார்மின்" என்றாள் ரைஹானத்.

"உங்க உப்பாவுக்கும் அதத்தான் முதல்ல குடுத்தாங்க."

"உப்பாவுக்கு நோய் முத்தின பிறகு குடுத்தாங்க, உம்மா. இவருக்கு நோய் வர்றதுக்கு முன்னாடியே குடுத்திருக்காங்க, வரக்கூடாதுன்னு."

"எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

"நாலு மாசமா."

"நாலு மாசமா நான் தினமும் நெய் ஊத்தினேன். நீ பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்த."

பதில் கதீசபியிடமிருந்து வந்தது. அவள் வாசற்படியில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் என் தம்பியக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?" என்றாள் உம்மா, திரும்பாமலே. "உன் வீட்ல வைக்கோலா வேகுது?"

"கஞ்சி வேகுது. அவன் கேட்டா வைப்பேன், வேண்டாம்னா எடுத்துடுவேன். குஞ்ஞிபி, நான் மரியாதையாத்தான் வந்தேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வீட்டுக்குப் புதியாப்ளயா வந்தவங்கள்ல யாரு ரெண்டு காலோட கபர்க் குழிக்குப் போயிருக்கா? உங்க வீட்டுக்காரர். உங்க தங்கச்சி வீட்டுக்காரர். இப்ப என் தம்பி. அப்புறம் அந்தச் சின்னப் பையன்."

"இத்தா!" என்று கத்தினாள் ரைஹானத்.

உம்மாவின் கை, மடியில் கிடந்த துணியை மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது.

உவைஸ் உள்கூடத்தில் நின்றிருந்தான். கையில் ஒரு சின்னப் பை. காலையில் கழற்றிய ஷூவை மறுபடி போட்டிருந்தான். ரைஹானத் அவனிடம் ஓடினாள்.

"நிஜமாவே போறீங்களா?"

"கொஞ்ச நாளைக்கு. அடுத்த தடவை ரத்தம் குடுக்கற வரைக்கும். இங்க இருந்தா முடியாது ரைஹா. தட்டு வந்தா நான் சாப்பிட்டுடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். இன்னிக்கு எந்திரிச்சுட்டேன், தினமும் எந்திரிக்க முடியுமா?"

"ஊரு என்ன சொல்லும் தெரியுமா? புதியாப்ள பைய எடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டாருன்னா, விடிஞ்சா பஞ்சாயத்துக்கு ஆள் வந்து நிப்பாங்க."

"ஊரு வந்து எனக்கு ஊசி போடுமா?"

அவள் அவன் கையிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"அப்ப நானும் வரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவளுக்கே புரிந்தது. அந்த வீட்டுப் பெண்கள் யாரும், எந்தத் தலைமுறையிலும், புருஷன் வீட்டுக்குக் குடியிருக்கப் படி இறங்கியதில்லை. ஆண்கள் வந்தார்கள், போனார்கள். பெண்கள் இங்கேயே பிறந்து இங்கேயே கண்மூடினார்கள்.

கதீசபி இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். "எங்க வரேடி? என் வீட்ல என் பொண்ணுங்களுக்கே ரூம் பத்தல. உன்ன எங்க படுக்க வைப்பேன்?"

"கூடத்துல படுக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? உவைசே, இவளுக்குச் சொல்லு!"

உவைஸ் மனைவியைப் பார்த்தபடி நின்றான். அவன் முகத்தில் காலையிலிருந்து இருந்த பிடிவாதம் முதல் தடவையாக ஆடியது. அவன் வாயைத் திறப்பதற்குள் சமையல்கட்டின் கதவு அசைந்தது.

வழக்கமாக அந்தக் கதவு ஒரு சாண் திறக்கும். குரல் மட்டும் வெளியே வரும்.

இன்று அது முழுதாகத் திறந்தது. குஞ்ஞிபி வெளியே வந்தாள். தலைத் தட்டத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, மகளைத் தாண்டி, கதீசபியைத் தாண்டி, மருமகன் எதிரில் வந்து நின்றாள். பதினெட்டு வருஷத்தில் அவனை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை; மாமியார் இவ்வளவு குள்ளம் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது போல, கொஞ்சம் குனிந்தான்.

"உங்கள நான் தடுக்க மாட்டேன்" என்றாள். "எங்க இருந்தா உடம்பு தேறுமோ அங்க இருங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போங்க. டாக்டரக் கேட்டிருப்பீங்க. படிச்சிருப்பீங்க."

"கேளுங்க உம்மா."

"இவங்க உப்பா. அவரு காலு." அவள் நிறுத்தினாள். சமையல்கட்டுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்த அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "நான் போட்ட சோறா?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதென்றுதான் ரைஹானத் நான்கு மாதம் வாய் திறக்காமல் இருந்தாள்.

உவைஸ் பையைக் கீழே வைத்தான். 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு எளிது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அப்படிச் சொன்னால் நாளை ராத்திரி நெய்ச்சோறு மறுபடி வரும் என்பதும் தெரிந்தது. மாடியில் நஸ்லாவின் அழுகை நின்றிருந்தது. படிக்கட்டின் மேலே நின்று அவளும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"உட்காருங்க, உம்மா" என்றான் அவன்.

"நின்னுட்டே கேக்கறேன்" என்றாள் குஞ்ஞிபி. "சொல்லுங்க."